கேட்க வருகிறவர்களும் சொல்லப் போகிறவர்களும்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கையும் வரவு செலவும் வாசித்தாகிவிட்டது. மருத்துவ உதவி, கல்வி உதவி பற்றிய விவரங்கள் உங்கள் கையிலுள்ள தாளில் இருக்கின்றன. எனக்கு ஒதுக்கிய நேரத்தில் வேறொரு விஷயத்தைப் பேச நிர்வாகக் குழு அனுமதித்திருக்கிறது.

ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறையிலிருந்து நமக்குக் கடிதம் வந்திருக்கிறது. நம் முஹல்லாவில் பீடி சுற்றும் பெண்களின் வருமானம், உடல்நலம், அவர்களுடைய பெண்பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை ஆய்வு செய்ய விரும்புகிறார்கள். அறக்கட்டளை ஒத்துழைக்க வேண்டுமாம். கடிதத்தைக் குழுவில் வைத்தபோது இரண்டு கருத்து வந்தது. "படித்தவர்கள் கேட்கிறார்கள், செய்து கொடுத்துவிடுவோம்" என்றார் ஒருவர். "இவ்வளவு காலம் எழுதிக்கொண்டு போனவர்களால் நமக்கு என்ன கிடைத்தது? வேண்டாம் என்று பதில் எழுதுங்கள்" என்றார் இன்னொருவர். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

வேண்டாம் என்றவரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. எத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள்! எம்.ஏ. மாணவர்கள், முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள், தொண்டு நிறுவனங்கள். வாசலில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறோம். அந்தப் பதில்கள் எங்கே போயின? பட்டம் வாங்கியவர் ஒரு பிரதியைக் கொண்டுவந்து நம் நூலகத்தில் வைத்ததாக எனக்கு நினைவில்லை. அது போக, 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்ததற்குப் பிந்திய மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கையில் படிவத்தோடு யார் தெருவுக்குள் நுழைந்தாலும் கதவு சாத்தப்பட்டது. பிறந்த ஊர் எது, வாப்பா பிறந்தது எங்கே என்று ஒருவர் கேட்டால், அவர் எதற்காகக் கேட்கிறார் என்ற பயம் வயிற்றைப் பிசைந்தது.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றொரு ஊர். 1932இல் அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஒரு ஆய்வு தொடங்கியது. ஏழைக் கறுப்பின விவசாயிகள் 600 பேர். அவர்களில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. நோய் என்னவென்று அவர்களிடம் சொல்லவில்லை. "உங்கள் இரத்தம் கெட்டிருக்கிறது" என்று மட்டும் சொன்னார்கள். இலவசப் பரிசோதனை, சாப்பாடு, இறந்தால் அடக்கச் செலவு என்று ஆசை காட்டினார்கள். 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் அந்த நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. அதன் பிறகும் கொடுக்கவில்லை. நோய் முற்றினால் உடல் என்னவாகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. 1972இல் பத்திரிகையில் செய்தி வெடித்த பிறகுதான் நிறுத்தினார்கள். நாற்பது வருடம்! நாட்டின் அதிபர் மன்னிப்புக் கேட்டது 1997இல்.

இதில் நாம் உற்றுக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 600 பேரையும் அழைத்து வந்தவர், காரில் ஏற்றிக் கூட்டிப்போனவர், வீட்டுக்கு வீடு போய் நலம் விசாரித்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர். அவரும் கறுப்பினப் பெண். ஆய்வுக்கு இடமும் வசதியும் கொடுத்ததில் கறுப்பின மக்களுக்காகவே நடந்த ஒரு கல்வி நிறுவனமும் இருந்தது. 'நம்ம ஆள் கூட இருக்கிறார், பயமில்லை' என்று அந்த மக்கள் நம்பினார்கள். ஆகவே, ஆய்வுக் குழுவில் நம் சமுதாயத்தவர் ஒருவர் இருக்கிறார், அறக்கட்டளையின் கடிதம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. நம்மவரின் முகம் கதவைத் திறக்கும் சாவியாகப் பயன்படலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதில் அவருக்குச் சொல் இல்லையென்றால் அதற்குக் கூட்டு என்று பெயரில்லை. நம் அறக்கட்டளையின் முத்திரையைப் பதிக்கும்போதெல்லாம் இது என் மனதில் வருகிறது.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற சிறிய பழங்குடி. அவர்களிடையே நீரிழிவு அதிகம். அதை ஆராய்வதாகச் சொல்லி 1990களின் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தார் இரத்தம் எடுத்தார்கள். அதே இரத்தத்தைக் கொண்டு மனநோய் பற்றியும், அந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது பற்றியும் ஆய்வு நடந்தது. அந்தப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு மாணவி 2003இல் தற்செயலாக ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்குப் போட்டார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலரும், எடுத்த இரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. ஒன்றுக்கென்று வாங்கியதை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவதை நம் வீடுகளில் என்ன சொல்வோம்? அமானத்தில் கை வைத்தது என்போம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் கதவைச் சாத்துவதுதானே சரி" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கதவைச் சாத்தினால் நம்மைப் பற்றிப் பேசுவது நிற்காது. நம்மிடம் கேட்காமல் பேசுவார்கள், அவ்வளவுதான்.

முஸ்லிம்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை, எல்லாரையும் மதரஸாவில்தான் சேர்க்கிறார்கள் என்று எத்தனை காலம் மேடையில் பேசினார்கள்! மதரஸாவில் ஓதி, கல்லூரியிலும் படித்தவன் என்ற முறையில் எனக்கு அது தனியாக உறைக்கும். அதற்கு நாம் கோபமாகப் பதில் சொன்னோம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2005இல் நீதிபதி ராஜேந்தர் சச்சார் தலைமையில் ஏழு பேர் குழு அமைக்கப்பட்டு, 2006 நவம்பரில் அறிக்கை வந்தது. பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்போர் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்று அது கணக்கோடு காட்டியது. நாட்டின் எழுத்தறிவு 65.1 விழுக்காடாக இருந்தபோது நம்மவரிடையே அது 59.1தான் என்பதையும் அதே அறிக்கைதான் சொன்னது. ஒன்று நமக்குச் சாதகம், மற்றது நமக்கு வலி. இரண்டும் கணக்காக இருந்ததால்தான் இன்றுவரை வாதத்துக்கு நிற்கின்றன. எண்ணப்படாதவனுக்குக் குரல் கிடையாது.

இனி பீடிக்கு வருகிறேன். திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரிகளைத்தான் சாட்சிக்கு அழைக்கிறேன். கணக்கெடுப்பவர் வாசலில் நின்று, "உங்க வீட்டம்மா என்ன வேலை பார்க்காங்க?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? "சும்மாதான் இருக்கா" என்கிறார். உள்ளே அந்த அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு அன்றைய ஆயிரத்தை முடிக்க இலை வெட்டிக்கொண்டிருப்பார். தாளில் 'இல்லத்தரசி' என்று விழுந்துவிடும். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இலேயே தனிச் சட்டம் வந்தது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. அடையாள அட்டையும் பி.எஃப்.பும் யாருக்குக் கிடைக்கின்றன? பாஸ் ஒருவர் பெயரில், சுற்றுகிறவர் இன்னொருவர் என்று எத்தனை வீடுகளில் நடக்கிறது? வெளியூரிலிருந்து வருகிற ஆய்வாளருக்கு இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றே தோன்றாது. நம் வீட்டுப் பெண் ஒருத்தி கேள்வித்தாள் தயாரிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியாக அதைத்தான் எழுதுவாள்: "யார் பேர்ல பாஸ்?"

கல்லூரியார் ஒரு மாதிரிக் கேள்வித்தாளும் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு தயாரித்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் 'மாத வருமானம் எவ்வளவு' என்று இருக்கிறது. பீடிக் கடைக் கூலியை மாதக் கணக்கில் நினைவு வைத்திருப்பவர் நம்மில் யார்? 'குடும்பத் தலைவர் யார்' என்று இருக்கிறது. கணவர் சபரில் இருக்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறார். வீட்டை நடத்துவது மாமியாரா, மருமகளா? 'மகள் திருமணத்துக்கு வரதட்சணை கொடுத்தீர்களா' என்று இருக்கிறது. எல்லாரும் இல்லை என்பார்கள், அதில் பொய்யும் இருக்காது. கைக்கூலி என்று கேட்டால் ஒரு பதில் வரும். மாப்பிள்ளை வீட்டுக்கு என்னென்ன போட்டீர்கள், அதற்காகக் கடன் வாங்கினீர்களா என்று கேட்டால் வேறு பதில் வரும். ஒரு சொல் மாறினால் உண்மையே மாறிவிடுகிறது.

இப்படி மக்களோடு உட்கார்ந்து செய்த ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கிழக்கு மூலையில் கட்சிரோலி என்ற காட்டு மாவட்டம். டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்ற தம்பதி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு, 1986இல் அங்கே போய்க் குடியேறினார்கள். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்ததில் 92 விழுக்காட்டினருக்குப் பெண்களுக்குரிய நோய் ஏதோ ஒன்று இருந்தது. அதற்கு முன் ஒரு முறையாவது அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். 1989இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதுவரை கிராமத்துப் பெண்ணின் உடல்நலம் என்றால் பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும்தான் என்று எண்ணியிருந்தார்கள்.

பழங்குடி மக்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று அவர்கள் அந்த மக்களிடமே கேட்டார்கள். பெரிய கட்டடத்தைக் கண்டால் பயம், உறவினரைக் கூட வைத்துக்கொள்ள விடுவதில்லை, அங்கே எல்லாரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள், நாங்கள் இறந்தவருக்குத்தான் வெள்ளை போர்த்துவோம் என்று பதில் வந்தது. கஃபன் அறிந்த நமக்கு அந்தப் பயம் புரியும். பிறகு கட்டிய ஆஸ்பத்திரி குடிசைகள் கொண்ட சிற்றூர் போல அமைந்தது. குடும்பத்தார் கூடவே தங்கலாம். பெயரும் அந்த மக்கள் விரும்பிய பெயர்.

பச்சிளம் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க முடியுமா என்பது அடுத்த ஆய்வு. 39 கிராமங்களில் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையை எடை போடுவது, சூடு குறையாமல் பார்ப்பது, மூச்சுத் திணறலைக் கவனிப்பது, நோய்த்தொற்று வந்தால் ஊசி போடுவது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. படித்த டாக்டர்கள் பலர் முகம் சுளித்தார்கள், கிராமத்துப் பெண் கையில் ஊசியா என்று. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் 28 நாளுக்குள் 62 இறந்த இடத்தில், சில ஆண்டுகளில் அது 25 ஆகக் குறைந்தது. 1999இல் அதுவும் லான்செட்டில் வந்தது. இன்று ஆஷா பணியாளர்கள் வீடு தேடி வந்து குழந்தையைப் பார்க்கிறார்களே, வட மாநிலங்களில் பரவலாக நடக்கிற அந்தத் திட்டத்துக்கு இதுவே வேர். அந்தப் பெண்கள் எழுதிய கணக்கில்தான் அந்த ஆய்வு நின்றது. அவர்களை 'தகவல் கொடுத்தவர்கள்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக முடியாது.

இப்போது குழுவில் ஒரு சகோதரர் கேட்டதற்கு வருகிறேன். "சரி, ஒத்துழைப்போம். ஆனால் அறிக்கையை நாம் பார்த்து, நாம் சரி என்றால்தான் வெளியிட வேண்டும். சமுதாயத்தின் மானம் இருக்கிறதல்லவா?" என்றார். அவருடைய கவலையை மதிக்கிறேன். அவருடைய நிபந்தனையை ஏற்க மாட்டேன். பெண்பிள்ளைகள் எந்த வகுப்போடு நிற்கிறார்கள், யார் நிறுத்துகிறார்கள், கைக்கூலிக்காக எத்தனை வீடு கடனில் இருக்கிறது என்றெல்லாம் கணக்கு வந்தால் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்தை மறைக்க நமக்கு அதிகாரம் வேண்டும் என்றால், நாம் உண்மையைக் கேட்கவில்லை, நற்சான்றிதழ் கேட்கிறோம்.

கனடாவில் மாண்ட்ரியல் நகரத்துக்குப் பக்கத்தில் கானாவாகே என்ற மோஹாக் பழங்குடி ஊர் இருக்கிறது. தங்கள் மக்களிடையே நீரிழிவு எவ்வளவு என்று உள்ளூர் மருத்துவர்கள் கணக்கெடுத்துச் சொன்னபோது, ஊர்ப் பெரியவர்கள் "சொன்னால் போதாது, ஏதாவது செய்யுங்கள்" என்றார்கள். 1994இல் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நீரிழிவுத் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. ஊராரும் ஆய்வாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து முதலில் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். முடிவுகள் முதலில் ஊருக்குச் சொல்லப்பட வேண்டும். ஒரு முடிவுக்கு என்ன பொருள் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபட்டால், யாரும் யாரையும் தடுக்கக் கூடாது. மறுப்பவரின் விளக்கமும் அதே வெளியீட்டில் இடம்பெற வேண்டும். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு பாருங்கள். அவர்கள் வாயை நாம் மூடுவதில்லை, நம் வாயை அவர்கள் மூடுவதில்லை. கலந்தாலோசனையின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிற வேதத்தை ஓதுகிற நமக்கு இது அந்நியமான யோசனை அல்ல.

இதைவிடக் கடினமான ஒன்றும் இருக்கிறது. அது நம்மைப் பற்றியது. சமுதாயத்தோடு கூட்டு என்று கல்லூரியார் எழுதுகிறார்கள். சமுதாயம் என்றால் யார்? முத்தவல்லியும் நானும் இன்னும் ஐந்து ஆண்களுமா? பீடி சுற்றாதவர்கள் நாங்கள். குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல் தவிப்பவர்கள் எங்களிடம் சொல்வதில்லை. வட்டிக்கு வாங்கியது பள்ளிவாசல் வரை தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். பெண்கள் பதில் சொல்லும் இடத்தில் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓர் ஆண் நின்றாலே பதில் மாறிவிடும். ஆகவே நாங்கள் யாரும் அங்கே நிற்க மாட்டோம். நிரப்பிய தாள் ஒன்றைக்கூட அறக்கட்டளை அலுவலகம் பார்க்காது. யார் என்ன சொன்னார் என்று செயலாளரே கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். கல்வி உதவியும் மருத்துவ உதவியும் வாங்கும் குடும்பங்கள் இதில் கலந்துகொள்ள மறுத்தால் அந்த உதவிக்கு ஒரு குறையும் வராது. இதை இந்தச் சபையில் வைத்தே சொல்கிறேன், நாளை யாரும் மாற்றிச் சொல்ல முடியாதபடி.

கல்லூரியாரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. கேள்விகளை முடிவு செய்யும் முன் நம் பெண்களோடு அமர வேண்டும். நம் முஹல்லாவில் பன்னிரண்டாவதோ பட்டமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் ஆறு பேரைப் பயிற்றுவித்துக் கேள்வி கேட்க அனுப்ப வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, ஸவாபுக்குச் செய்யச் சொல்லக் கூடாது. ஆனால் ஒருவர் தன் சொந்தத் தெருவில் கேட்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரியிடம் யார்தான் கடனைச் சொல்வார்? இதற்கென்று வாங்கிய விவரத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. குடியுரிமை சம்பந்தமான கேள்வி ஒன்றும் வேண்டாம், ஆதார் எண் வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம். நடுவில் நிறுத்திக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. முடிவை முதலில் இந்த மண்டபத்தில், நமக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிடுவது அதற்குப் பிறகு.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். துறையின் பேராசிரியை ஒரு பெண்மணி, தொலைபேசியில் பேசினார். பெரும்பாலானவற்றை ஒப்புக்கொண்டார். கேள்விகளை மாற்றினால் பிற ஊர்களோடு ஒப்பிட முடியாதே என்று ஒரு தடை சொன்னார். அது நியாயமான தடை. சில கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு, நம் கேள்விகளைக் கூடுதலாகச் சேர்ப்பது என்று பேசியிருக்கிறோம். அவர்களுக்கும் ஒரு கல்வி இருக்கிறது, அதற்கென்று முறைகள் இருக்கின்றன. நமக்குத் தெரிந்தது எல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தால் மொத்த முஹல்லாவுக்கும் பொருந்தும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். நமக்கு வேண்டியவர்களின் பட்டியலை நாம் கொடுக்கப் போவதில்லை.

இந்த ஆய்வால் நாளையே கூலி உயர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடையாள அட்டைக்காகவும் பி.எஃப்.புக்காகவும் மனு எழுதும்போது, "எங்கள் ஊரில் நிறையப் பேர்" என்று எழுதுவதற்குப் பதிலாக ஒரு எண்ணை எழுத முடியும்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பேராசிரியை இங்கே வருகிறார். கூட்டம் பெண்களுக்கு மட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நிஸ்வான் மதரஸாவில் ஏற்பாடு செய்திருக்கிறோம். பீடித் தட்டையும் கொண்டுவரலாம், அன்றைய கணக்கு தவற வேண்டாம். மாதிரிக் கேள்வித்தாளின் பெரிய எழுத்துப் பிரதிகள் பெண்கள் நூலகத்தில் இருக்கின்றன. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நூலகப் பொறுப்பாளர் வாசித்துக் காட்டுவார். பக்கத்தில் பென்சிலும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிடிக்காத கேள்வியை அடித்துவிட்டு, என்ன கேட்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம்.

வஸ்ஸலாம்.